குதிங்கால்ல தீப்பெட்டி

நான் பத்தாப்பு பெயிலு. வரலாறுல பதினோரு மார்க்கு. ஆனா பழைய காலத்து ரவுடிப் படம் எதையாவது போட்டு விடுங்க, சட்டக் காலரப் பாத்தே கத எந்த வருசம் நடக்குதுன்னு சொல்லிருவேன். காலரு தோளு வரைக்கும் றெக்க மாதிரி விரிஞ்சா எழுபத்தஞ்சு. கிருதா தாடையத் தொட்டா எழுபத்தெட்டு. பேண்ட்டு சுருங்கி சட்ட தொளதொளன்னு ஆயிட்டா எம்பதத் தாண்டியாச்சு. (இதப் பரீட்சையில கேட்டுருந்தா நான் இன்னைக்குச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்துருப்பேன்.)

அந்தப் படங்கள்ல எனக்குப் பிடிச்சதே யாருக்கும் அவசரமே கெடையாதுங்கறதுதான். அம்பாசடர் காரு வந்து நிக்கும். கதவு தொறக்கும். மொதல்ல ஷூவு வரும், பெறகு பெல்பாட்டம் வரும், மூஞ்சி வர அர நிமிசம் ஆகும். அப்புறம் டான் ஒரு தீக்குச்சிய எடுத்து ஷூவுல கிழிச்சு, ஊதி அணைச்சுட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாரு. பீடி இல்ல, சிகரெட் இல்ல, எதுக்குய்யா கிழிச்சேன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். அதுதான் கெத்து.

இதெல்லாம் படத்தோட விட்டுருந்தா நான் நல்ல பிள்ள.

நான் விருதுநகர்ல ஒரு வத்தல் மண்டிக்கு லோடு வண்டி ஓட்டுறேன். மண்டிக்கு அடிச்ச காலண்டர எடுக்க சிவகாசி அச்சாபீசுக்குப் போனப்பத்தான் அங்க வேல பாத்த செல்வியப் பாத்தேன். அப்புறம் காலண்டரு இல்லாட்டியும் போனேன். அவ அப்பா சுப்பையா, நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில போர்மேன். "வண்டிக்காரனா? வேண்டாம்"னு ஒரே வார்த்த. செல்வி ஆறு மாசம் கெஞ்சி, கடைசியா ஒரு எறக்கம் கெடச்சுது.

"சீசன் நேரம், எனக்கு லீவு கெடையாது. வெள்ளிக்கிழம சாப்பாட்டு நேரத்துல கம்பெனி வாசலுக்கு வரச் சொல்லு. ஒரே ஒருக்காதான் பாப்பேன்."

செல்வி போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னா. "இந்தா பாரு, சாதாரணமா ஒரு பருத்திச் சட்ட போட்டுட்டு வா. எங்கப்பாவுக்கு அதுதான் பிடிக்கும்."

பொம்பளப் பிள்ளைக்கு ஸ்டைலப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சேன். (இந்த வரிய அவ படிக்கும்போது நான் மண்டியில இருக்கணும்.)

பளபளன்னு டெர்லின் துணி எடுத்துட்டு டெய்லர் பாய்கிட்டப் போனேன். அளவு சொன்னதும் பாய் டேப்பக் கீழ வச்சுட்டாரு. "தம்பி, இது பேண்ட்டா, ரெண்டு பாவாடையா?" சட்டைக்குக் காலரு எம்புட்டு துணி மிச்சமோ அம்புட்டும். இடுப்புல முறுக்குத் தட்டு சைசுக்கு ஒரு இரும்பு பக்கிள். திருவிழாக் கடையில வாங்குன மஞ்சக் கண்ணாடி. கிருதா எனக்குச் சரியா மொளைக்காது, அதனால அக்காவோட கண்மையால தாடை வரைக்கும் வரஞ்சுக்கிட்டேன்.

பாக்கி தீக்குச்சி. பத்து நாளு ஷூவுல கிழிச்சுக் கிழிச்சுப் பாத்தேன், ஒரு பொறி வரல. நம்ம தீக்குச்சி அது பெட்டியில கிழிச்சாத்தான் பத்துமாம். விடுவனா? தீப்பெட்டி ஓரத்துல இருக்குற மருந்துப் பட்டைய அப்படியே உரிச்சு, ஷூ குதிங்கால்ல பசை போட்டு ஒட்டிட்டேன். விஞ்ஞானி!

பட்டை தேஞ்சுறக் கூடாதேன்னு வீட்டுல இருந்தே முன்னங்கால்லதான் நடந்தேன். பஸ்ல ஏறும்போது கண்டக்டர் பாவமாப் பாத்தாரு. "கால்ல முள்ளா தம்பி? அந்தச் சீட்டுல உக்காருங்க."

நாரணாபுரத்துல எறங்கி, எனக்கு நானே பின்னணி மியூசிக்க மொனங்கிக்கிட்டு, குதிங்காலத் தூக்கிக்கிட்டு, கம்பெனிய நோக்கி ஸ்லோ மோசன்ல போனேன். வேப்பமரத்து நெழல்ல தூக்குச்சட்டியத் தொறந்து வச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்த அக்காமாரு எல்லாரும் கையில சோத்தோட அப்படியே நின்னுட்டாக. கேட்டுக்கு உள்பக்கம் காக்கிச் சட்டையில ஒருத்தர். செல்வியோட அதே மூக்கு. மாமனாரேதான்.

பத்தடி தள்ளி நின்னேன். வாயோரத்துல இருந்த குச்சிய எடுத்தேன். காலத் தூக்கினேன். கிழிச்சேன்.

பத்திக்கிச்சு. பட்டை ஒட்டிப் பழகிப் பாத்தப்பக்கூட இம்புட்டு அழகாப் பத்துனதில்ல.

ஊதி அணைக்க வாயக் குவிச்சேன். அம்புட்டுத்தான் ஞாபகம் இருக்கு. வாட்ச்மேன் அண்ணாச்சி செவப்பு வாளி மணல மூஞ்சியில அடிச்சாரு. அது கண்ணுல இருந்து எறங்குறதுக்குள்ள போர்மேன் இன்னொரு வாளித் தண்ணிய ஊத்துனாரு. நெருப்பு அணஞ்சது, நானும் அணஞ்சேன். கிருதா ரெண்டும் கழுத்து வழியா ஒழுகிச் சட்டைக்குள்ள போயிருச்சு.

"யார்லே நீ?"

"செல்வி... பாக்க வரச் சொன்னீக... ஐயா."

அவரு கண்ண மூடித் தொறந்தாரு. "பேசணும்னா உள்ள வரணும். உள்ள வரணும்னா எல்லாத்தையும் கழட்டு."

அண்ணாச்சி ஒவ்வொண்ணா கை நீட்டுனாரு. செல்போனு. பக்கிளு. கண்ணாடி. சாவி. "டெர்லின் சட்டையா? ஒரசுனா பொறி வருமுலே, கழட்டு." பேண்ட்டும் அதே துணி, அதுவும் போச்சு. அவரோட காவித் துண்ட இடுப்புல கட்டிவிட்டாரு. கடைசியா ஷூவத் திருப்பிப் பாத்தவரு கத்துன கத்து ரோடு வரைக்கும் கேட்டுருக்கும்.

"அண்ணே! இவன் தீப்பெட்டியவே கால்ல மாட்டிட்டு வந்துருக்காண்ணே!"

வேப்பமரத்தடியில ஒரு அக்கா சிரிச்ச சிரிப்புல சோறு பொர ஏறிருச்சு.

உள்ள பெஞ்சுல, துண்டோட, ஈரமா, போர்மேனுக்கு எதுக்க உக்காந்தேன். அவரு சத்தம் போடல. அதுதான் பயமா இருந்துச்சு.

"உள்ள நாப்பது பொம்பளைக வேல பாக்காக. நாலு மணிக்கு அவுக பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து அம்மாவத் தேடும். அதனாலதான் மொதலாளியே வந்தாலும் நான் செருப்பக் கழட்டச் சொல்லுவேன். வெளங்குதா?"

வெளங்குச்சு. அதுவரைக்கும் எந்தப் படமும் எனக்கு வெளங்க வைக்காத ஒண்ணு. "தப்புதான்யா"ன்னேன். செல்வி போச்சுன்னு மனசுக்குள்ள எழுதி வச்சுட்டு எந்திரிக்கப் போனேன்.

அவரு ஈரப் பேண்ட்டத் தூக்கி, அடி மடிப்பத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ஜிப்பு எங்கலே?"

"முன்னாடிதான் ஐயா இருக்கு."

"அது இல்ல. அடியில. பெல்பாட்டம் தரையில ஒரசித் தேயும்னு அடியச் சுத்தி ஜிப்பு வச்சுத் தைப்போம். அது இல்லாம என்ன பெல்பாட்டம்? காலரு எழுபத்தஞ்சு மாதிரி வச்சுருக்க, கண்ணாடி எம்பத்தி மூணு மாதிரி இருக்கு. ஒரு வருசத்துல நில்லுலே."

வரலாறுல எனக்கு ரெண்டாவது பெயிலு.

பதில் எதுவும் சொல்லாம அனுப்பிட்டாரு. ஈரத் துணியச் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு, பஸ்ல துண்டோட வந்தேன். அதே கண்டக்டர், இந்தத் தடவ முள்ளப் பத்திக்கூட கேக்கல.

மறுநாள் காலையில செல்வி போன் பண்ணுனா. நல்லாத் திட்டி முடிச்சுட்டு, அவங்கப்பா வீட்டுல சொன்னத அப்படியே சொன்னா.

"ஏழு சாமானக் கழட்டச் சொன்னோம்டி. ஒண்ணுக்காவது மொறச்சானா? ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி? டான் மாதிரி வந்தான், சொன்னதெல்லாம் கேட்டான். இவன விட்டா உனக்குத் தோதான ஆளு கெடைக்காது."

கல்யாணத்துக்கு மாமனாரு எடுத்துக் குடுத்தது சுத்தப் பருத்தி வேட்டி, பருத்திச் சட்ட. முகூர்த்தத்துக்கு முன்னாடி வாட்ச்மேன் அண்ணாச்சி மணவற பக்கம் வந்து, ஐயரு முன்னாடியே என் ரெண்டு காலையும் தூக்கிப் பாத்துட்டுத்தான் போனாரு.

இன்னைக்கும் மாமனாரு வீட்டு வாசல்ல அதே சோதனைதான். "வாங்க மாப்ள, காலக் காட்டுங்க"ன்னு அத்தை நிப்பாக. நான் செருப்பக் கழட்டி குதிங்காலத் தூக்கிக் காட்டணும். அப்புறந்தான் காப்பி.

இத ரெண்டு வருசமாப் பாத்து வளந்துருக்கா என் மக. போன வாரம் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். "வா கண்ணு, உள்ள வா"ன்னு கூப்புட்டாக. அவ உள்ள போகல. வாசல்ல நின்னு, என் கையப் பிடிச்சுக்கிட்டு, ஒரு காலத் தூக்கிக் காட்டுனா. அப்புறம் இன்னொரு கால. பாத்துட்டீகளான்னு ஒரு பார்வ. பெறகு அர நிமிசம் எடுத்து, ஸ்லோ மோசன்ல உள்ள போனா.