மாமனாருக்கு ஓர் இரங்கல்

மாமனார் காலமாகிவிட்டார் என்பதை மாப்பிள்ளை தம்முடைய சொந்த வலைத்தளத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டார்.

அதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, மாமனார் காலமாகவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட வந்து, மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் வெகுநேரம் செய்தி படித்துவிட்டு, காபியில் சர்க்கரை போதவில்லை என்று உறுமிவிட்டுத்தான் போனார். இரண்டாவது, அந்த இரங்கல் செய்தியை எழுதியவர் மாப்பிள்ளையேதான்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பெரிய மனிதர் யார் போனாலும் முதல் ஆளாகச் செய்தி போட வேண்டுமென்றால், அவர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கடை விரித்தவர்கள் செய்வதுதான். கை பழகட்டுமே என்று மாமனாரை எழுதிப் பார்த்தார். பிரமாதமாக வந்துவிட்டது. அழிக்க மனம் வரவில்லை; வெளியிடாமல் தளத்திலேயே வைத்திருந்தார்.

மாமனார் சிறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை இருந்த வேலையை விட்டுவிட்டு வலைத்தளம் ஆரம்பித்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இதனால என் மானம் போச்சுன்னா, என் பொண்ணு என் வீட்டுக்கு வந்துடுவா."

இப்போது மானம் என்ன, உயிரே போயிருந்தது.

"ஏங்க, அப்பா எப்போ செத்தாரு?" மனைவி செல்போனைப் பார்த்தபடி வந்தாள். "சித்தி போன்ல அழறாங்க."

"சாகலை. விரல் தவறிப் பட்டிருக்கும்."

"யாரு விரல்?"

"வேற யாரு விரல்? என் விரல்தான்."

செய்தியை அழித்தார். அதற்குள் ஏழெட்டுத் தளங்கள் அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. 'சிங்கம் நிகர்த்த அதிகாரி' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அப்படி எழுதியதாக ஞாபகமில்லை. இந்த அவசரத்தில் ஞாபகமா நிற்கும்?

அவசரமாக ஒரு மறுப்பு போட்டார்: 'அன்னார் இன்னும் இறக்கவில்லை. வருந்துகிறோம்.'

"எதுக்கு வருந்தறீங்க?"

"தப்புக்கு."

"படிச்சா அப்படித் தெரியலையே."

நம்பாத ஜனங்கள் ஆதாரம் கேட்டார்கள். சரி, புகைப்படம் போட்டுவிடலாம் என்று தேடினார். எல்லாப் படத்திலும் மாமனார் முறைத்துக்கொண்டிருந்தார். முறைக்காத படம் ஒன்றுதான் அகப்பட்டது. அதையே போட்டார்.

"ஐயோ, இது அப்பா மத்தியானம் தூங்கறப்ப எடுத்ததுங்க. கண்ணு மூடியிருக்கு. கையை வேற நெஞ்சு மேல கட்டியிருக்காரு."

அரை மணியில் ஊரே அழுதது. பிறகு மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"கொஞ்சம் வாங்க."

சிறையிலும் யாரையாவது உண்டு இல்லை என்று ஆக்குவதற்கு முன்னால் அவர் இப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவாராம்.

மாமனார் வீட்டு வாசலில் மலர்வளையங்கள் சாய்ந்திருந்தன. உள்ளே துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவே, சாகாத குற்றத்துக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல, இஸ்திரி போட்ட சட்டையில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"'அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.' அது நீங்க எழுதினதா?"

"ஆமா மாமா. எடுத்துடறேன் மாமா. தளத்தையே மூடிடறேன். பழைய வேலைக்கே போயிடறேன். அவளை மட்டும் இங்க கூப்பிட்டுக்காதீங்க..."

"எத்தனை பேரு படிச்சிருக்காங்க?"

"நா... நாப்பதாயிரம்."

மாமனார் எழுந்தார். அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து 'டக்... டக்...' என்று கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. ஆணி அடிப்பதுபோல இருந்தது.

மாப்பிள்ளைக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூலையில் மலர்வளையத்து ரோஜாக்களைப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த மாமியாரிடம் குனிந்தார்.

"அத்தை, மாமா என் மேல புகார் எழுதறாரா?"

"புகாரா? நேத்து உங்க வீட்டுல அவரோட இரங்கலைத் திருத்தி, அவரே வெளியிட்டுட்டு வந்தாரு மாப்பிள்ளை. ருசி கண்டுட்டாரு. இப்ப உங்களோடதை எழுதறாரு, தேதி மட்டும்தான் போடணுமாம்."