இல்ஃபோர்ட் தாண்டாத நித்திரை

சிவமயம்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
ஒக்டோபர் 1992

பெருமதிப்புக்குரிய மைத்துனர் ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களுக்கு,

தங்கள் தங்கை தவநாயகியும் நானும் கடையும் சுகம். தாங்கள் சுகமாக இருப்பதைக் கேட்காமலே தெரிந்துகொண்டேன். சுகமில்லாத மனிதரால் பேனையை இவ்வளவு அழுத்தி எழுத முடியாது. தங்கள் கடிதத்தின் மறுபக்கத்தைத் தடவினால் எழுத்துகள் விரலில் படுகின்றன. கடைக்கு மேலுள்ள பெரிய அறையிலிருந்து அந்த அமெரிக்கக் காட்டுப் பொடியன்களை உடனே வெளியே எழுப்பிவிட்டு, தங்கள் மருமகன் ஆனந்தராஜா பல் வைத்தியம் தொடங்க அறையைக் கொடுக்கும்படி எழுதியிருந்தீர்கள். கட்டடத்தில் பாதி தங்களுடையது. கட்டளை நியாயமானது. அதைத் தலைமேல் ஏற்றுக்கொள்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, தலைக்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். தாங்கள் கதிரையில் சாய்ந்திருந்து வாசிக்கலாம்.

நான் தெரிந்துகொண்டே அறையைச் சண்டியர்களுக்குக் கொடுத்தேன் என்று அங்கே டொரன்டோவில் யாரோ தங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியில்லை. மூன்று வருடத்துக்கு முந்தி நாலு பேர் வந்தார்கள். தோள்வரை மயிர், கறுப்புத் தோல் சட்டை, ஆனால் "சேர்" போட்டுக் கதைத்தார்கள். ஒகையோ என்ற ஊராம். "என்ன தொழில் செய்யிறியள்?" என்று கேட்டேன். "ஹெவி மெட்டல்" என்றார்கள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மச்சான், நான் முருங்கைக்காய் விற்கிறவன். வெள்ளிக்கிழமை வந்தது ஞாயிறு வாடும். இரும்பு வாடாது. இரும்பு விற்கிறவன் அவசரப்படமாட்டான், கடன் சொல்லமாட்டான் என்று கணக்குப் போட்டேன். "மொத்தமோ, சில்லறையோ?" என்று கேட்டேன். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "லைவ், சேர்" என்றான் ஒருவன். கப்பலில் வந்தவுடன் இறக்கி விற்கிறார்களாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய கறுப்புப் பெட்டிகளை மேலே தூக்க நானே ஒரு கை கொடுத்தேன். நல்ல பாரம். நல்ல வியாபாரம் என்று தவநாயகிக்கும் சொன்னேன்.

அடுத்தநாள் மத்தியானம் அவர்கள் கடை திறந்தார்கள்: ட்ரம், கிற்றார், ஓலம். தட்டிலிருந்த தகரத்து மீன் ரின்கள் மெல்ல நடந்து ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின. சாமான் வாங்க வந்த பாலாம்பிகை அக்கா பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் நின்று, "யோகராஜா, உமக்கு மேலை ஆரையோ கொல்லுகினம்" என்றா. நான் மேலே போய் அவர்களை அப்போதே எழுப்பிவிடத்தான் வெளிக்கிட்டேன். கடவுள் சத்தியமாக. காலுக்குச் சப்பாத்தைப் போடுவதற்காக அரிசிச் சாக்கின் மேல் இருந்தேன். ஒரு சப்பாத்துப் போட்டது நினைவிருக்கிறது. மற்றச் சப்பாத்தைப் போடும்போது பார்த்தால் பின்னேரம். தவநாயகி கல்லாவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறா. "என்னப்பா, நித்திரை கொண்டனீங்கள்" என்று ஏதோ நான் பெரிய சோதினை பாஸ் பண்ணினமாதிரிச் சொன்னா.

தங்களுக்குத் தெரியும், யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த கடைசிக் காலத்தில் என் காது வேறு வேலைக்குப் போய்விட்டது. ஹெலி வருகுதா, வந்தது திரும்புதா, குண்டு விழுந்தது எந்தப் பக்கம் என்று அது இராப்பகலாய் ஷிப்ட் செய்தது. லண்டனுக்கு வந்த பிறகு அந்த வேலை முடிந்துவிட்டது என்று காதுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இங்கே சத்தமில்லாமல் இருந்தால் அதற்குச் சந்தேகம் இன்னும் கூட. ஃபிரிட்ஜ் நின்றால் எழும்பும். பக்கத்து வீட்டுக்காரன் இருமாவிட்டால் எழும்பும். வந்த நாள்முதல் நான் கண் மூடியிருக்கிறேனே தவிர நித்திரை கொண்டதில்லை. ஆனால் மேல்மாடியில் இவர்கள் அடிக்கிற அடியில் வேறு ஒன்றுமே கேட்காது. இதுக்குள்ளை நான் எதைக் கேக்கிறது எண்டு காது வேலையை விட்டிட்டுப் போய்ப் படுத்திட்டுது. மூன்று வருடமாக மத்தியானம் இரண்டு மணித்தியாலம் நான் ஒரு மனிதன்.

இல்ஃபோர்டிலிருந்து டொக்டர் நரசிம்மனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மதுரைப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். அவர் அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் நாடியைப் பார்க்க முயன்றார், கை போதவில்லை.

"இந்தச் சத்தத்துலயா தூங்கறீங்க?" என்று கத்தினார்.

"ஓம் டொக்டர், நல்லாய்."

"கனவு எதாவது வருதா?"

வருகிறது, மச்சான். அதைத்தான் தங்களிடம் சொல்லத் தயங்கினேன், சொல்லிவிடுகிறேன். கண் மூடியவுடன் நான் இருக்கிற அரிசிச் சாக்கு மெல்ல மிதக்கத் தொடங்கும். பிறகு கடை முழுதும் மிதக்கும். றொம்போர்ட் றோட்டில் தண்ணீர், நல்ல தெளிந்த தண்ணீர், அடியில் பஸ்கள் மீன்மாதிரிப் போகும். கடை அப்படியே கிழக்கே நகரும். வெங்காய மூட்டைகள் முன்னுக்குப் படுத்திருந்து வழி சொல்லும். தராசில் வெள்ளை முகில் ஒன்று வந்து இருக்கும். எவ்வளவு கூட வைத்தாலும் முள் அசையாது. கரையில் நிற்கிற சனம் கையசைக்கும், ஒருவரும் விலை கேட்கமாட்டார்கள். ட்ரம் அடிக்கிறது தண்டு வலிக்கிற சத்தமாய்க் கேட்கும். அவர்களில் பாடுகிற வேய்ன் என்பவன் போடுகிற ஓலம் இருக்கிறதே, அது அங்கே பெரிய வெள்ளைப் பறவை ஒன்று கடைக்கு மேலே பறந்து வருகிறமாதிரி இருக்கும். மேனர் பார்க் வரும், போகும். இல்ஃபோர்ட் தெரியும். இல்ஃபோர்டுக்கு அங்காலை ஏதோ இருக்கிறது, எனக்கு அது நல்லாகத் தெரியும், ஒரு வெளிச்சம் தண்ணீரில் நீட்டாய்க் கிடக்கிறது. ஆனால் சரியாக இல்ஃபோர்டடியில் பாட்டு முடிந்து மேலே இவர்கள் சண்டை தொடங்குவார்கள். கடை அப்படியே நின்றுவிடும். நான் எழும்பிவிடுவேன். மூன்று வருடமாக நான் இல்ஃபோர்டைத் தாண்டவில்லை.

டொக்டர் கேட்டுவிட்டு, "மாத்திரையை விட இது பரவாயில்லை, ஆமா, விட்றாதீங்க" என்று சொல்லிப் போனார். இதை வைத்தியர் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகையால்தான் இவர்களுடைய சண்டை என்னுடைய பிரச்சினையாயிற்று. குழுவின் பெயர் தண்டர் மோர்க். தமிழில் இடிமுழக்கப் பிணவறை என்று வரும். கீழே சாப்பாட்டுச் சாமான் விற்கிற இடம், பெயர்ப்பலகை வைக்க நான் விடவில்லை. அமெரிக்காவில் ஒரு காலம் பேரும் புகழுமாக இருந்தார்களாம். பிறகு மனேஜர் வான் வண்டியோடு ஓடிவிட்டான், ஒரு ட்ரம்காரன் சாமியாராகப் போனான், அடுத்தவன் சாமியாரிடமிருந்து ஓடிவந்தவன், ஒரு மேடை எரிந்தது, மற்ற மேடை இவர்களே எரித்தது. லண்டனுக்குக் கூட்டிவந்த கம்பனி வந்த கிழமையே மூடிவிட்டது. காலையில் ஒஃபிஸ் கந்தோர்களில் தரை துடைத்துவிட்டு மத்தியானம் வந்து என் தலைக்கு மேல் நின்று வாசிக்கிறார்கள். பாடுகிறவன் வேய்ன், கிற்றார் அடிக்கிறவன் றொய். மற்ற இரண்டு பேரும் சண்டையில் பக்கம் சேர்வதற்கென்று வைத்திருக்கிறவர்கள்.

முதற்தரம் பிரிந்தது பாட்டுக் கசெற் அட்டையில் யாருடைய முகம் முன்னுக்கு என்பதில். (அவர்கள் கதைத்தது இங்கிலீஷில், நான் எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.) "நான் இல்லாட்டி நீ ஆர்?" என்றான் றொய். "நான் இல்லாட்டி உன்ரை கிற்றார் விறகு" என்றான் வேய்ன். அவனே பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, கல்லாவில் நின்று, "நான் போறன்" என்றான். தவநாயகிக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ தம்பி, போறன் எண்டு சொல்லக்கூடாது. திரும்பி வாறதாய், போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று அவனை வாசலில் மறித்து, வாயைப் பார்த்துப் பார்த்து மூன்றுதரம் சொல்லிக் கொடுத்தா. அது தமிழில் குட்பை என்று அவன் நினைத்துக்கொண்டான். "போட்டோ வாரன்" என்று சொல்லிவிட்டுப் போனான். விமான நிலையத்தில்தான் பாஸ்போர்ட் மேலே ட்ரம்முக்குள் கிடக்கிறது என்று நினைவு வந்து திரும்பி வந்தான். தங்கள் தங்கை அதிசயப்படவேயில்லை. "சொல்லிப்போட்டுப் போனவன் வருவான்தானே" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றினா.

நான் அண்ணன் தம்பி கடை பிரிக்கிற வழக்குகளைத் தீர்த்தவன். அட்டையை இரண்டாய் மடித்து ஒரு பக்கம் வேய்ன், மறுபக்கம் றொய் என்று செய்யச் சொன்னேன். சமாதானம். பிறகு இரண்டு பேரும் தனித்தனியே லண்டனில் உள்ள கசெற் கடைகளுக்கெல்லாம் போய்த் தன் தன் முகம் மேலே தெரியத் திருப்பிவைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பின்பும் பிரிந்தார்கள், சேர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் போகிறவன் கல்லாவுக்கு வந்து "அன்ரி, போட்டோ வாரன்" என்று சொல்வான். கிழமை முடியுமுன் மேலே பாட்டுத் தொடங்கி, மீன் ரின்கள் நடக்கும். தவநாயகிக்கு இது நம்பிக்கை. எனக்கு இது சரக்குப் போய் வருகிறமாதிரி.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது வேறு. அமெரிக்காவில் இப்போது பாட்டுக்குப் புதுப் பொடியன்கள் வந்துவிட்டார்களாம், கட்டம்போட்ட பழஞ்சட்டையும் சோர்ந்த முகமுமாக. நீட்டு மயிருக்கும் தோல் சட்டைக்கும் சந்தை விழுந்துவிட்டது. இது எனக்கு விளங்கும்; சரக்கு மாறினால் வியாபாரி மாறவேண்டும். றொய்க்கும் விளங்கியிருக்கிறது. அவன் ஒருவருக்கும் சொல்லாமல் மயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். வேய்ன் கத்தவில்லை, மச்சான். அவன் கத்தாதது அன்றைக்குத்தான். மெல்லக் கீழே இறங்கி வந்தான். தவநாயகி பின்னுக்கு மிளகாய் நிறுத்துக்கொண்டு நின்றா, அவன் அவவைக் காணவில்லை. என்னிடம் மட்டும், "குட்பை, அங்கிள்" என்றான். இங்கிலீஷில். தங்கள் தங்கை கேள்விப்பட்டதும், "அதைச் சொல்லேல்லையோ?" என்று ஒருதரம் கேட்டா.

அன்றிலிருந்து மேலே அமைதி. அதாவது எனக்கு நித்திரை இல்லை. மிக்ஸியைப் போட்டுப் பார்த்தோம். மிளகாய் அரைக்கிற பெரிய மெஷினைப் போட்டுப் பார்த்தோம், தும்மல்தான் வந்தது. கலியாண மேளக் கசெற் போட்டால் யாருக்கு மொய் எழுத மறந்தோம் என்று யோசனை வருகிறது. அரிசிச் சாக்கு வெறும் அரிசிச் சாக்காகக் கிடக்கிறது. ஆகவே தங்கள் கட்டளை நான் கை வைக்காமலே நிறைவேறிவிட்டது. றொய் வந்து பெட்டிகளை ஏற்றியவுடன் ஆனந்தராஜா தம்பி அறைக்கு வரலாம். ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: அவருடைய பல்லுத் துளைக்கிற மெஷின் எவ்வளவு சத்தம் போடும்? பழைய மெஷின் என்றால் இன்னும் விசேஷம். நோயாளிகளும் கொஞ்சம் வாய்விட்டுக் கத்துகிறவர்களாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கும் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் நோயற்ற உடம்பையும், எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஊரிலும் தடங்கலில்லாத நித்திரையையும் தரட்டும் என வேண்டும்,

தங்கள் அன்பு மைத்துனன்
க. யோகராஜா

பி.கு.: மேலே எழுதியதைத் தாங்கள் வாசித்ததாக வைத்துக்கொள்ளவேண்டாம். முத்திரை ஒட்ட எடுத்தபோது வாசலில் வேய்ன் நிற்கிறான், தோளில் பை. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் இருந்தவன், இன்றைக்குக் கற்விக் விமான நிலையம் போய், ரிக்கற் வரிசையில் நின்று, பாதியில் திரும்பி வந்திருக்கிறான். ஏனென்று கேட்டேன். "அன்ரிக்குச் சொல்ல மறந்திட்டன். அது சொல்லாமல் பிளேன் ஏறப் பயமாய்க் கிடக்கு" என்றான். தவநாயகி பின்னாலிருந்து ஓடி வந்தா. அவன் நேராக நின்று, "போட்டு வாறன், அன்ரி" என்றான். முதற்தடவையாகச் சரியாகச் சொன்னான். "சாப்பிட்டிட்டுப் போ" என்றா இவ. அந்த நேரம்பார்த்துப் பெட்டிகளை ஏற்றவந்த றொய் படியால் இறங்கினான். வேய்ன் அவனுடைய தலையைப் பார்த்தான். பிறகு முன்தட்டிலிருந்த உரித்த தேங்காய் ஒன்றை எடுத்துத் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். "எது றொய்?" என்று என்னைக் கேட்டான். றொய் சிரிக்கக்கூடாது என்று கொஞ்சநேரம் பாடுபட்டான். பெட்டி கட்டுவதற்கு முன் கடைசியாய் ஒரு பாட்டு மட்டும் என்று இரண்டு பேரும் மேலே போயிருக்கிறார்கள். சொல்லிப்போட்டுப் போக வந்தவன் இன்னும் போகவில்லை. மீன் ரின்கள் அசையத் தொடங்கிவிட்டன. நான் சாக்கில் இருந்துதான் எழுதுகிறேன். ஆகவே மச்சான், ஆனந்தராஜா தம்பிக்குத் தாங்கள் எடுத்துச் சொல்லவேண்டியது என்னவென்றால், பல்லை எங்கேயும் பிடுங்கலாம், ஆனால் அறை என்பது, வெங்காய மூட்டை முன்னுக்குத்தான் இருக்கு, தண்ணி நல்ல தெளிவு

அண்ணை, இவர் பேனையோடை நித்திரையாப் போனார். எழுப்ப மனமில்லை, நானே ஒட்டி அனுப்புறன். அறை இல்லை. மேலை அஞ்சாவது பாட்டு நடக்குது, இன்னும் ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை. இவர் நித்திரையிலை சிரிச்சுக்கொண்டு ஏதோ சொல்லுறார், குனிஞ்சு கேட்டன். இல்ஃபோர்ட் தாண்டியிட்டுதாம்.

தவம்