பெயர் சொல்லாத நோய்க்கு இரண்டு பக்க லீவ் லெட்டர்

தெரிந்த இங்கிலீஷைத் தேவையான இடத்தில் மட்டும் காட்டுகிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு அன்றைக்குக் கிடையாது. அதனால்தான் ஒரகடத்தில் கார் சீட் உறை தைக்கும் கம்பெனியில் பர்மனென்ட் ஆக வேண்டிய வாரத்திலேயே, என் வேலைக்கு நானே உலை வைக்கப் பார்த்தேன்.

ட்ரெய்னியாக இரண்டு வருடம் தைத்தாயிற்று. வியாழக்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் வருகிறது. எனக்கோ அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் அம்மை போட்டுவிட்டது. (முகத்தை விட்டுவிட்டு முதுகில் மட்டும் அள்ளிப் போட்டிருந்தது. அந்த மட்டில் கருணைதான்.) மண்ணூரில் எங்கள் வீட்டில் அம்மைக்கு டாக்டர் கிடையாது, வேப்பிலைதான். டாக்டர் இல்லையென்றால் சர்ட்டிபிகேட்டும் இல்லை. போதாததற்கு அம்மாவின் உத்தரவு வேறு.

"மூணு தண்ணி ஊத்தியாச்சு, வேலைக்குப் போ. ஆனா வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் அது பேர வெளிய சொல்லாத. ஆத்தா கோச்சுக்குவா."

"லெட்டர்ல இன்னான்னும்மா எழுதுறது?"

"ஒடம்பு தேறிகினு கீதுன்னு எழுது."

அதற்கு இங்கிலீஷில் என்ன என்று போனில் தேடினேன். 'கான்வலசென்ஸ்' கிடைத்தது. நோய் போன பிறகு உடம்பு மெல்லத் தெம்பு பெறும் காலமாம். அதோடு நான் விட்டிருக்கலாம். 'வலுவாகத் தொடங்குவது' என்ற லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்று போட்டிருந்தது. எழுதினேன். மதிப்பைக் குறிக்கும் 'வேல்யூ'வும் அதே வேரில் முளைத்ததாம். அதையும் எழுதினேன். ஆகவே முன்பைவிட மதிப்புள்ள ஊழியராகத் திரும்பி வருகிறேன் என்று முடித்தபோது இரண்டு பக்கம் ஆகியிருந்தது. நோயின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை கேட்டிலேயே மடக்கி, செக்யூரிட்டி ரூமில் தனியாக உட்காரவைத்தார்கள். சூப்பர்வைசர் தேவராஜ் சார் ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றுகொண்டு போனை ஆட்டினார்.

"இன்னாம்மா இது, லத்தீன்லாம் எழுதிகீற? வியாதி இன்னா?"

"பேர் சொல்லக் கூடாது சார்."

"யார் சொன்னது?"

"எங்கம்மா சார்."

அவர் இன்னும் பத்தடி பின்னால் போனார். சற்று நேரத்தில் என் தையல் மெஷினைச் சுற்றி ரிப்பன் கட்டி மருந்து அடித்துவிட்டார்களாம். என்னோடு சாப்பிடும் இரண்டு பெண்களை நிறுத்திவைத்துக் காய்ச்சல் பார்த்தார்கள். என் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டதாகத் தேவராஜ் சார் அங்கிருந்தே கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது ஷிப்ட் மாறும் நேரம், கேட் முழுக்கக் கூட்டம்.

"அம்மை சார்! எம் பொண்ணுக்கு அம்மை! போதுமா? இன்னும் நூறு தபா சொல்லட்டா?"

கத்தி முடித்ததும் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆத்தாவுக்கு அவ்வளவு பயப்படுகிறவர் எனக்காக அதைச் சொன்னார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா? எனக்கே போன வருஷம் வந்துச்சே!" என்றார் தேவராஜ் சார்.

கம்பெனி டாக்டர் என் முதுகைப் பார்த்துச் சர்ட்டிபிகேட் கொடுத்தார். லிஸ்டின் அடியில் பேனாவால் என் பெயர் ஏறியது. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. பெயரைச் சொன்ன குற்றத்துக்கு வருடா வருடம் ஆடியில் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார், லெட்டரில் ஒரு பக்கத்துக்கு ஒரு அண்டா வீதம். வேண்டுதல் அவருடையது, கிண்டுவது நான். இந்த ஆடியிலும் கோயில் வாசலில் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டாவது அண்டாவைத் துழாவும்போது, என் வீட்டுக்காரர் சொம்போடு வந்து நின்றார்.

"ஒரு பக்கத்தோட நிறுத்தியிருந்தா இந்நேரம் வூட்டுக்குப் போயிருக்கலாமில்ல?"