ரெண்டு ரூம் வூட்டுக்கு ஒரு பாடம்

தமிழ் டீச்சர் சசிகலா மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, அரியமுத்து கயிற்றுக் கட்டிலில் திறந்து கிடந்த நோட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். டீச்சர் நிற்க அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"வெற்றிச்செல்வி எங்கங்க?"

"டவுன் பஸ் இன்னும் வரல டீச்சர்."

"பிளஸ் ஒன் தமிழ்ப் புத்தகம். அட்டையெல்லாம் போட்டுக் கொண்டாந்திருக்கேன். பத்தாவதுல தமிழ்ல தொண்ணூத்தெட்டு எடுத்த பிள்ளை, விட்டுடக் கூடாது பாருங்க."

எறையூர் ஆலை கிட்டங்கியில் தினமும் சர்க்கரை மூட்டை சுமக்கிறவனுக்கு கையில் வாங்கிய அந்தப் புத்தகம் கனத்தது. இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட, பைசா வாங்காமல் மகள் வெற்றிச்செல்விக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். அந்தத் தமிழைத்தான் போன மாதம், இரண்டாயிரத்து மூன்று ஜூனில், அவன் ஒரே கையெழுத்தில் கைகழுவியிருந்தான்.

"தமிழ் எடுத்தா எரநூத்துக்கு நூத்தறுபதைத் தாண்டாது. சமஸ்கிருதம்னா நூத்தித் தொண்ணூத்தஞ்சு. அங்க எல்லாரும் அ, ஆவுலேருந்துதான் ஆரம்பிக்கிறாங்க" என்று, மகளைச் சேர்க்கப் போனபோது பெரம்பலூர் தனியார் பள்ளி கிளார்க் சொன்னார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

அதை இப்போது எப்படிச் சொல்வது?

"ஏன் உட்கார்ந்தே இருக்கீங்க? உடம்புக்கு முடியலையா?"

கூச்சம் பிடுங்க எழுந்தான். வேர்வையில் கைலியோடு ஒட்டிக்கொண்டு எழுந்த நோட்டு, டீச்சர் காலடியில் விழுந்து விரிந்தது. கொடியில் துணி காயப்போட்ட மாதிரி வரிசையாகத் தொங்கும் எழுத்துகள்.

"சமஸ்கிருதமா? யாருது?"

"எ... என்னுதுங்க."

"உங்களுதா!"

"மந்திரம் கத்துக்கறேன் டீச்சர். மூட்ட தூக்கி இடுப்பு போச்சு. உட்கார்ந்து பாக்கற வேலையா ஒண்ணு..."

வேலிக்கு அந்தப்புறம் காது கொடுத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் ஓடிவந்தாள். டீச்சர் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள்.

"அண்ணே, ஆவணியில புது வூட்டுக்குக் குடி போறேன். முகூர்த்த நாளு, எந்த ஐயருக்கும் நேரமில்லையாம். நீயே வந்து சொல்லிப்புடு."

"நான் ஒரு பாடந்தான் படிச்சிருக்கேன் தாயி!"

"ரெண்டு ரூம் வூட்டுக்கு ஒரு பாடம் போதும்ணே."

"கருமாதி மந்திரமா இருந்துடப் போவுது..."

"அத இங்க ஆரு கண்டா?"

டீச்சர் அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். "நானும் வரேன்" என்றார்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிவந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுல மந்திரமே இல்லப்பா. இது யானை, இது குதிரை, இது கழுதை. அவ்வளவுதான்."

"பூராவும் மிருகமாவா?"

"கடைசியில ஒரு கொடை வருது."

"அதையும் சேத்துச் சொல்லிக்குடு. வூடுன்னா நெழலு வேணும்ல."

"டீச்சர்கிட்ட உண்மையச் சொல்லிடலாம்ப்பா."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

குடிபுகும் நாளில் நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்தான். நல்லவேளையாகப் புகை முகத்தை மறைத்தது.

"அயம் கஜஹ!" பால் பொங்கியது.

"அயம் அச்வஹ!" பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அயம் கர்தபஹ!" என்று கழுதையைக் கூப்பிட்டதும் பொன்னுத்தாயின் புருஷன் வைத்திலிங்கம் நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தான்.

அரியமுத்துவுக்கு உடம்பு கூசியது. இருபது வருஷத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை கிட்டங்கியிலிருந்து எடுத்ததில்லை. இன்று இவன் கும்பிடைத் திருடுகிறோமே என்று அழுதுவிட்டான். பக்தி என்று நினைத்துக் கூட்டமும் சேர்ந்து அழுதது.

முன்வரிசையில் டீச்சர் தலைகுனிந்து நின்றார். திருச்சியில் விடுதியில் தங்கி பிளஸ் ஒன் படிக்கும் அவர் மகள் பரிமளா, லீவுக்கு வந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

குடையைச் சொல்லி முடித்ததும் அவன் நேராக டீச்சரிடம் போய்க் கைகூப்பினான்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். அந்த நோட்டு என்னுது இல்ல, எம் பொண்ணுது. மார்க்குக்கு ஆசப்பட்டு நாந்தான் தமிழ விடச் சொன்னேன். நீங்க பட்ட பாட்டுக்கு இப்படிப் பண்ணிட்டேன்..."

பரிமளாதான் அதற்குமேல் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள்.

"அம்மா, இது எங்க சமஸ்கிருதப் பாடம்மா! போன மாசம் லீவுல வந்து நான் இதே கழுதையை மனப்பாடம் பண்ணப்ப, 'வெளிய கேக்காமப் படிடி, எம் மானம் போவுது'ன்னு நீதானே ஓடி வந்து கதவைச் சாத்துன?"