கொட்டாங்குச்சி எண்ணெயும் மூன்று நிபந்தனைகளும்

1931-ம் வருஷம் தை மாதம், கப்பலில் வரும் எண்ணெயை இந்த தேசத்திலிருந்து ஒழித்துக்கட்டுவது என்று நான் முடிவு செய்தேன். கப்பல் கம்பெனிகளுக்கு இது தெரியாது. என் மனைவி கன்னியம்மாவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கம்பெனிகள் ஒருவேளை பயந்திருக்கும். அவள் பயந்திருக்க மாட்டாள்.

நான் தண்டையார்பேட்டையில் ஓர் அரிசி மில்லில் எஞ்சின் டிரைவர். எஞ்சின் குடிப்பதெல்லாம் சீமை எண்ணெய். ஒருநாள் நாட்டு வைத்தியர் ஒருவர் தோலில் வரும் படைக்குப் போடும் தைலம் இறக்குவதைப் பார்த்தேன். குழிக்குள் ஒரு டின். டின் மேல், அடியில் ஓட்டை போட்ட சட்டி. சட்டி நிறைய கொட்டாங்குச்சி, சுற்றிலும் வறட்டி நெருப்பு. உள்ளே வெந்த கொட்டாங்குச்சி கறுப்பாக எண்ணெய் விட்டது. கீழே சிந்திய சொட்டில் நெருப்பு குப்பென்று பிடித்தது. வைத்தியர் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். என் மூளையில் பிடித்ததை அணைக்க ஆளில்லை.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டினேன். மாசிக்குள் மூன்று டின் எண்ணெய் சேர்ந்தது. வேறு இடமில்லாததால் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். புளிப்பு எண்ணெய் அது. பத்தே நாளில் டின்னைத் தின்று ஓட்டை போட்டு, பாயை நனைத்து, அடுப்பங்கரை வரைக்கும் போய்விட்டது. அங்கே கன்னியம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

முந்தானையில் ஒரு முழம் போயிற்று. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தவள், அதே கையோடு துணி மூட்டையைக் கட்டினாள்.

"இன்னாமே, எங்க கெளம்பிட்டே?"

"எண்ணூருக்கு. எங்கக்கா வூட்டுக்கு."

"எப்ப வருவே?"

"உன் எண்ணெ என்னெக் கொளுத்தாதுன்னு ஆவட்டும். அப்பால பாக்கலாம்."

தடுத்திருக்கலாம். நாற்பது வயது ஆம்பிளை, எஞ்சினையே அதட்டுகிறவன், போய்க் கெஞ்சுவதா? "பாத்துப் போ" என்றேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் இருந்த சத்தமெல்லாம் அவள் ஒருத்திதான். அது எண்ணூருக்கு ரயிலேறிவிட்டது. அவள் இருக்கும்போது, "கொஞ்சம் வாயை மூடேன்" என்று தினமும் கேட்டுக்கொள்வேன். இப்போது மூடிய வீட்டில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கு வடித்த சோற்றை இரண்டு நாள் தின்றேன். தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் பிடிக்கவில்லை.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா கேட்டாள்.

"அண்ணே, யாராண்ட பேசிகினு கீறீங்க?"

"சட்டியாண்ட."

"அது இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"பேஜாரு பண்ணாம அக்காவ இட்டாந்துருங்க."

எண்ணெய் சரியாகட்டும், தானாக வருவாள் என்று சொல்லிவிட்டேன். சட்டிக்கு முன்னால் மானம் போகக் கூடாது.

சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு எண்ணெயைக் கழுவினேன். புளிப்பு போயிற்று. டின்னை விட்டு ஊறுகாய் ஜாடிக்கு மாற்றினேன். ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு எண்ணூருக்குப் போனேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் அவள் அக்கா வீடு. வாசலில் கருவாடு காய, கன்னியம்மா காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். சொல்ல நினைத்தேன்.

"இனிமே அது தகரத்தத் தின்னாது" என்று சொன்னேன்.

"சரி. நாத்தம்?"

சுற்றிலும் கருவாடு. நடுவில் உட்கார்ந்துகொண்டு இவள் நாற்றத்தைப் பற்றி விசாரித்தாள். அடுத்த ரயிலில் திரும்பினேன்.

அகலமான தட்டில் ஊற்றி, பன்னிரண்டு நாள் வெயிலில் வைத்தேன். நாற்றத்தோடு எண்ணெயிலும் பாதி பறந்தது. மறுபடி எண்ணூர்.

"மோந்து பாரு. நாத்தமே இல்ல."

மோந்து பார்த்தாள். என்னையும் பார்த்தாள். எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது. நான் ஜாடியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"குச்சி கிழிச்சுப் போட்டா?" என்றாள் கடைசியில். "பத்தக் கூடாது. அப்டி ஆனாச் சொல்லு, வரேன்."

வீட்டில் போட்டுப் பார்த்தேன். மீசையில் வலது பாதி போயிற்று. சட்டென்று பற்றுகிற ஆவிதான் எதிரி என்று புரிந்தது. ஜாடியைத் தண்ணீர்த் தவலைக்குள் நிறுத்தி, சிறு தீயில் நாள் கணக்காகச் சூடு காட்டி, அந்த ஆவியையெல்லாம் விரட்டினேன். அடியில் கெட்டியாக மிஞ்சியது சாதுவான எண்ணெய். கட்டிலுக்கு அடியில் என்ன, தலையணைக்கு அடியிலேயே வைக்கலாம்.

மூன்றாம் முறை. கன்னியம்மாவே குச்சியைக் கிழித்து ஜாடியில் போட்டாள். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. மூன்றாவதை விரல் சுடும் வரைக்கும் பிடித்துப் போட்டாள். உஸ்ஸென்றது. எழுந்து உள்ளே போனாள், மூட்டையோடு வந்தாள்.

"நட."

ரயிலில் ஜாடியை அவளே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். கண்ணில் கரி விழுந்துவிட்டது என்று சொன்னேன். கொஞ்சம் விழுந்தும் இருந்தது.

மறுநாள் காலை மில்லில் ஊரைக் கூட்டி எஞ்சினில் என் எண்ணெயை ஊற்றினேன். எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. எத்தனை சுற்றியும் எழவில்லை. மேஸ்திரி ஞானதுரை ஜாடிக்குள் பீடியைப் போட்டுப் பார்த்தார்.

"சுப்பராயா, இத்த நெருப்பணைக்கிற வண்டிக்காரங்களாண்ட குட்துரு. தண்ணிக்குப் பதிலா ஊத்துவாங்க."

சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். கன்னியம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எரியலியா?"

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"குச்சிக்கே பத்தாதது எஞ்சினுக்குப் பத்துமாய்யா? அதுக்குத்தானே குச்சி போடச் சொன்னேன்."

"அப்ப வேணும்னேதான் கேட்டியா?"

"ஆமா. மூணு தபா வந்தே. மூணு தபாவும் எண்ணெ சேதிதான் சொன்னே. வூட்டுக்கு வாமேன்னு ஒரு தபா சொன்னியா? நீ சொல்ற வரிக்கும் எதுனா கேட்டுகினே இருக்கலாம்னு இருந்தேன்."

மூன்று மாதம் நான் எதைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் கடைசி வரிக்கும் சொல்லவே இல்லியே. அப்பறம் இன்னாத்துக்கு வந்தே?"

கன்னியம்மா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"கேக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கல."