ஏரியில் போட்ட எட்டு

வாழ்க்கையில் ஒருமுறையாவது ஒரு படகுக்குத் தலைவனாக இருந்துவிட வேண்டும் என்று நான் முடிவெடுத்தபோது, என் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் தலைவன் என்ற பதவி எங்கள் வீட்டில் நெடுநாளாகக் காலியாக இல்லை. எனவே நீர்ப்பரப்பில்தான் முயன்று பார்க்க வேண்டியிருந்தது.

படகு மறுநாளே வந்துவிட்டது. இரண்டு பேர் தாராளமாகவும் மூன்று பேர் பயந்துகொண்டும் உட்காரக்கூடிய அலுமினியப் படகு. பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு குட்டி மோட்டார். அதை இறக்கிவைக்க வீட்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே என் மனைவியின் கார் நின்றுகொண்டிருந்தது. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவள் அவள்தான். மீதிப் பாதியில் நான் ஒருவன். என்னைப் பயிற்சியின் நடுவிலேயே இறக்கிவிட்டுவிட்டாள்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது.

"ஏங்க, என் கார் ஏன் தெருவுல நனையுது?"

"உள்ள படகு இருக்கும்மா."

"ரெண்டுல எதுங்க தண்ணிக்குன்னு செஞ்சது?"

நான் நூலகர். இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை என்பதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தலையைத் துவட்டியபடியே அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கறேன். அன்னிக்கு உங்க கையால ஒரே ஒரு மீன் பிடிச்சுக் காட்டுங்க. படகு உங்களோடது. என் கார் தெருவுலயே கிடக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன்."

"பிடிக்கலைன்னா?"

"படகை என்ன பண்றதுன்னு நான் முடிவு பண்ணுவேன். நீங்க வாயே திறக்கக் கூடாது."

இரண்டாவது நிபந்தனை எங்கள் வீட்டில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. முதலாவதுதான் புதிது. அவள் வாயே திறக்காத வீடு! அதை நினைத்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே ஒப்புக்கொண்டேன்.

நூலகத்தில் மீன்பிடிப்பு பற்றி இருந்த புத்தகங்களையெல்லாம் என் பெயரிலேயே எடுத்து வந்தேன். நான் தேர்ந்தெடுத்தது ட்ரோலிங் என்னும் முறை. கரையில் குந்தியிருந்து மிதவையை முறைத்துப் பார்க்கிற வேலை இதில் இல்லை. படகை மெல்ல ஓட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னால் நீளமாக விட்ட நூலின் முனையில் போலி மீன் ஒன்று நீந்துவதுபோல் வரும். உண்மை மீன் ஏமாறும். ஏமாற்றுவது இவ்வளவு கண்ணியமாகச் செய்யப்படும் துறை வேறொன்று இருப்பதாக நான் படித்ததில்லை.

அந்த வாரம் முழுக்கப் படகை மீன்பிடிக்கத் தயார்செய்தேன். இரு பக்க விளிம்பிலும் தூண்டில் கழியைச் சொருகிவைக்கக் குழாய் பொருத்தினேன். துடுப்பு இரண்டையும் கயிறு போட்டுக் கட்டினேன். நூல் சுற்றும் ராட்டினத்தின் கைப்பிடியைக் கழற்றி, புத்தகம் சொன்னபடி இடக்கைப் பக்கம் மாற்றினேன். கடைசியாக ஒரு சிக்கல். மோட்டாரை எவ்வளவு குறைத்து வைத்தாலும் மீனுக்கு அது அதிக வேகம். படகுக்குப் பின்னால் ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும் என்று நூலாசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். மேதை.

"ஏங்க, பாத்ரூம் வாளி எங்க?"

"அது இப்ப வேகத்தடை."

"அப்ப நான் எதுல குளிக்கிறது?"

"கொஞ்சம் மெதுவாக் குளிம்மா."

துணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், சனிக்கிழமை மாலை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரம் வந்தார்.

"சார், மன்னிச்சுக்கணும். நாளைக்கு வர முடியாது. பல்வலி."

"நீங்களே பல் டாக்டர்தானே?"

"எனக்கு நானே பார்க்கப் பயமா இருக்கு சார்."

வேறு வழியில்லை. சாட்சியாகக் கரையில் நிற்கவேண்டிய என் மனைவி படகில் ஏற வேண்டியதாயிற்று.

விடியற்காலையில் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஏரி இருந்தது என்று சொன்னால் போதாது. ஏரிதான் இருந்தது. கரை, மரங்கள், வானம் எல்லாம் அதன் ஓரத்தில் கொஞ்சம் இடம் கேட்டு ஒதுங்கி நின்றன. தண்ணீரின் மேல் பனி ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து, அதற்கு மேல் எழத் துணியாமல் நின்றது. வரும் வழியெல்லாம் பேச எடுத்துவைத்திருந்த வாக்கியங்களை நான் மறந்துபோனேன். என் மனைவியும் பேசவில்லை. எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் வாயடைக்க வைத்தது, எனக்குத் தெரிந்து, அந்த ஏரி ஒன்றுதான்.

நான் பின்னால் மோட்டாரைப் பிடித்து உட்கார்ந்தேன். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

"உங்க கனத்துக்கு அது எந்திரிச்சு நிக்குது. நடுவுல வந்து உக்காருங்க."

"தலைவன் பின்னாலதான் உக்காரணும். மோட்டார் அங்கதான் இருக்கு."

"தலைவனோட எடைக்கு மோட்டார் முங்கிடும்போல இருக்கே!"

புறப்பட்டோம். இரண்டு நூல்களையும் விட்டாயிற்று. வாளி பின்னால் முனகிக்கொண்டே வந்தது. இந்த வகைப் படகில் மோட்டாரின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் கைக்குத்தான் தெரியாது. எதிரே ஒரு பட்ட மரம் தண்ணீரிலிருந்து எட்டிப் பார்த்தது. அதிலிருந்து விலகுவதற்காக நான் அதை நோக்கியே பாய்ந்தேன். பிறகு பதறிப்போய் மறுபக்கம் ஒடித்தேன். மரம் தப்பித்தது. நூல்கள் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டன. வாளி அவற்றுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டது.

என் மனைவி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தலைசீவிச் சிக்கெடுப்பதுபோல நூலைப் பிரித்து, மறுபடி தண்ணீரில் விட்டாள். அதன் பிறகுதான், "தள்ளுங்க. நான் ஓட்டறேன்," என்றாள்.

இங்கேதான் என் சாமர்த்தியம் வேலை செய்தது. ஓட்டட்டும். அது டிரைவர் வேலை. மீன் என் கணக்கில் வரும். வாடகைக் காரில் சாய்ந்து போகும் முதலாளியைப்போல நடுப்பலகைக்கு நகர்ந்தேன்.

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி அசைத்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்து மோட்டாரின் சத்தத்தைக் கேட்டாள். அவ்வளவுதான். படகு நடக்கத் தொடங்கியது. ஆம், நடந்தது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல. வாளிகூட முனகலை நிறுத்திக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் படகு வளைந்தது. பிறகு மறுபக்கம் வளைந்தது.

"என்னம்மா பண்றே?"

"எட்டு போடறேன்."

"ஏரியிலயா?"

"நேராவே போறதுக்கு இது என்ன பஸ்ஸா? திரும்பிப் பாருங்க. வளையும்போது வெளிப்பக்க நூல் விறுவிறுன்னு வருது. உள்பக்க நூல் தொய்ஞ்சு ஆழத்துக்குப் போகுது. ரெண்டுல எது பிடிக்குதோ மீன் எடுத்துக்கட்டும்."

இதையே ஒரு புத்தகம் ஓர் அத்தியாயம் முழுக்க, படங்களோடும் அடிக்குறிப்புகளோடும், விளக்கியிருந்தது. அவள் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எழுந்து நின்று வணங்கலாம்போல இருந்தது. படகு ஆடும் என்பதால் உட்கார்ந்தே வணங்கினேன், மனதுக்குள்.

மூன்றாவது வளைவில் வெளிப்பக்கக் கழி வில்லாக வளைந்தது.

"ஏங்க! கம்பி! கம்பி!"

"அது கழி..."

"திருத்தறது அப்புறம். பிடிங்க!"

பிடித்தேன். நூலின் மறுமுனையில் இருந்தது மீன் என்று நம்ப முடியவில்லை. ஏரியே ஒரு முடிவுக்கு வந்து என்னை இழுப்பதுபோல இருந்தது. இடக்கையால் ராட்டினத்தைச் சுற்றினேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அப்புறம் கை மிக லேசாகச் சுற்றியது. ராட்டினத்தின் கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டிருந்தது. இடப்பக்கம் மாற்றினேனே தவிர, மரையை இறுக்கச் சொல்லும் அடுத்த பக்கத்தை நான் புரட்டவில்லை.

"அய்யோ! இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வரும். கம்பியை நிமித்திப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. வாளியை மட்டும் உள்ள எடுத்துப் போடுங்க."

"மீனை எப்படிக் கொண்டுவர்றது?"

"அது ஏன் வரணும்? நாம போலாம்."

போனோம். அவள் அவசரப்படவில்லை. மீன் ஓடியபோது பின்னாலேயே விட்டுக்கொடுத்துப் போனாள். நின்றபோது நின்றாள். அது களைக்கக் களைக்க வட்டத்தைச் சுருக்கினாள். கடைசியில் மோட்டாரை அணைத்தாள். மிச்சமிருந்த நகர்விலேயே படகு பக்கவாட்டில் மிதந்துபோய், மீனை ஒட்டி ஒரு முழ இடைவெளியில் நின்றது. நெரிசலான தெருவில் இரண்டு காருக்கு நடுவே தன் காரை நிறுத்துவாளே, அதே நிதானம்.

மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து என்னைப் பார்த்தது. என் கை நீளம். முதுகில் இருள், விலாவில் விடியல். அதன் லத்தீன் பெயர் எனக்குத் தெரியும். அந்த நிமிடம் அது நினைவுக்கு வரவில்லை, அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மீனும் அப்படியே.

என் மனைவி படகில் கிடந்த கைவலையைக் குனிந்து நீட்டி அதை ஏந்தினாள்.

எனக்குச் சட்டென்று நிபந்தனை நினைவுக்கு வந்தது.

"பிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். "படகு என்னோடது!"

அவள் நிதானமாகக் கேட்டாள்.

"உங்க கையாலன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னே."

"மோட்டார் யார் கையில இருந்துச்சு?"

"உன் கையில."

"வலை?"

"உன் கையில."

"உங்க கையில என்ன இருக்கு, காட்டுங்க பார்ப்போம்."

காட்டினேன். ராட்டினத்தின் கைப்பிடி இருந்தது.

"அப்ப இது யார் மீன்?"

புத்தகம் படித்தவனுக்கு இருக்கும் பெரிய பலவீனம், சரியான வாதத்தைக் கேட்டால் தலையாட்டிவிடுவது. ஆட்டிவிட்டேன்.

"என் மீன். அதனால விடறேன்," என்று தூண்டில் முள்ளை எடுத்து, வலையைத் தண்ணீருக்குள் இறக்கிச் சாய்த்தாள். மீன் ஒரு கணம் அவள் கையோரமாகவே நின்றது. அப்புறம் ஏரிக்குள் ஏரியாகக் கரைந்து போயிற்று. நாங்கள் இருவரும் அது போன இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படகை விற்றுவிடுவாள் என்று நினைத்தேன். விற்கவில்லை. கார் வீட்டுக்குள் வந்தது, படகு ஏரிக்கரைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அவள் படகோட்டும் வகுப்பு நடத்துகிறாள். நல்ல கூட்டம். எட்டு போட்டுக் காட்டுபவர்களைப் பாராட்டிக் கைதட்டுகிறாள். என்னையும் வரச்சொல்லித்தான் இருக்கிறாள், மரியாதையாக நடுப்பலகையில் உட்காரவைக்கிறாள்.

நான் ஏறுகிற நாட்களில் மட்டும் படகுக்குப் பின்னால் ஓர் எல் போர்டு தொங்குகிறது.