பர்லாங்கு முகம் துடைத்த நேரம்

காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்குப் பர்லாங்கு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் கெட்டது அந்த நிமிடத்தில்தான். நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் கரண்டியையும் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றவன் நான்.

கரண்டிக்குப் பிறகு வருகிறேன். முதலில் பர்லாங்கு.

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கிலோமீட்டரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் அவர்தான். முப்பது வருடம் சென்னையில் பந்தயக் குதிரைகளுக்குத் தீனி வைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, காலையும் மாலையும் நடக்கவிட்டவர். பந்தயத் தூரமெல்லாம் அங்கே பர்லாங்குக் கணக்கு, ஒரு பர்லாங்கு சுமார் இருநூறு மீட்டர். ஆகவே அவருக்கு மொத்த உலகமும் அதே கணக்கு. ரேஷன் கடை மூணு பர்லாங்கு. மதுராந்தகம் நூத்தி இருபது. ஒருமுறை எங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவந்த டெலிவரிக்காரர் அவரிடம் வழி கேட்டுத் தொலைத்தார். "நேரா ரெண்டு பர்லாங்கு போ. லெப்டுல அரை பர்லாங்கு. அவ்ளோதான்." அந்தப் பிரியாணியை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயன்றதும் இல்லை.

ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது, தன்னைப் போலவே பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண் குதிரையையும் கூட்டிவந்தார். தெருக்கோடிக் காலி மனையில் அதற்கு ஒரு தகரக் கொட்டகை. சனி, ஞாயிறுகளில் சின்ன லாரியில் ஏற்றி மாமல்லபுரம் கொண்டுபோவார். கடற்கரைக்கு வருகிறவர்களை முதுகில் வைத்துக்கொண்டு அது தூங்கியபடியே நடக்கும். உதடு தொங்கும். விலா எலும்பை எண்ணலாம். பெயர் மேடம்.

எங்களையெல்லாம் 'நீ' என்பார் பர்லாங்கு. 'சார்' சேர்த்தாலும் நீதான். மேடத்திடம் மட்டும் வேறு பேச்சு. "இன்னா மேடம், நாஸ்தா துன்னீங்களா? கோவமா கீறீங்களா? தண்ணி குடிச்சிட்டு சொல்லுங்க."

மாலையில் கடற்கரையிலிருந்து திரும்பியதும், தான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். மேடத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து குளம்புவரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிவருவார். காலில் சூடு தெரிந்தால் உள்ளே நரம்பு நொந்திருக்கிறது என்று பொருளாம். இரண்டு நாள் ஓய்வு. அவர் குந்தினாலே மேடமும் பழக்கத்தில் முன்னங்காலை நீட்டிவிடும். சூடு இல்லையென்று தெரிந்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு.

மனிதர்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தெருவில் நடந்துவந்ததை வைத்துத் தீர்ப்புச் சொன்னார். "மூஞ்சிலாம் ஷோக்கா கீது. பின்னங்கால இஸ்துகினு வரான்." அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. புதுச் செருப்புக் கடித்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் சிறுசேரியைத் தாண்டியிருந்தார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் நித்யா சேர்ந்தாள். எங்களுக்கு அவள் ஒரே பெண். அவள் மாடிப்படி இறங்கினாலே "பார்த்து" என்பவன் நான். ஒரு நாளைக்கு எத்தனை 'பார்த்து' என்று ஒருமுறை எண்ண ஆரம்பித்து, மதியத்துக்குள் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். பத்தாம் வகுப்பிலிருந்து மேடத்துக்குக் கேரட் கொடுத்துக் கொடுத்து, பர்லாங்கு கயிற்றைப் பிடித்துக்கொள்ள, காலி மனையைச் சுற்றிச் சவாரி பழகிக்கொண்டாள். என் ஒரே நிபந்தனை என் ஸ்கூட்டர் ஹெல்மெட். அதன் பட்டையை நானே இழுத்துப் பார்த்த பிறகுதான் குதிரை நகரவேண்டும்.

"இன்னா சார் நீ, புள்ளைய கட்டிப் போட்டே வெச்சிகினு கீற? நின்னுகினே கீற குதிரைக்குத்தான் சார் காலு வீங்கும்."

"விழுந்துட்டா?"

"கீழ மண்ணுதான சார் கீது? தோசைக் கல்லா?"

பிளஸ் டூ பரீட்சை முடிந்த மே மாதத்தில், கடற்கரையில் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, சவாரிக் குதிரைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு பந்தயம் வைத்தார்கள். ஐந்து குதிரைகள். பரிசு ஒரு மூட்டை கொள்ளு. "மேடம் ஓட மாட்டாங்க. சும்மா கெஸ்ட்டு," என்று எங்களையும் அழைத்தார் பர்லாங்கு. நான் பிறந்ததிலிருந்து குதிரைப் பந்தயம் பார்த்ததில்லை. நாள் முழுக்க இருந்து பார்த்துவிடலாம் என்று எலுமிச்சைச் சாதம், மருந்துப் பெட்டி, இரண்டு குடை, ஹெல்மெட் சகிதம் விடியற்காலையில் போய் இறங்கினேன்.

கடல் உள்வாங்கி, ஈர மணல் தார்ச்சாலை போல இறுகிக் கிடந்தது. வழக்கமாகத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் அந்தக் குதிரைகள் அன்று காதை நிமிர்த்தி, மண்ணைக் கிளறிக்கொண்டு, மூக்கால் சீறின. எனக்கு அப்போதே வாய் பிளந்துவிட்டது.

ஆரம்ப மணிக்காக ஒரு படகின் முனையில் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அடிக்கத்தான் கரண்டி. யார் அடிப்பது என்பதில் ஒருவருக்கொருவர் நம்பிக்கை இல்லை. கடைசியில் என்னைக் காட்டினார்கள். "சாரு படிச்சவரு. எந்தக் குதிர மேலயும் அவருக்கு ஆச இல்ல. அவரே அடிக்கட்டும்." நேரம் குறிக்க ஒரு கடிகாரமும் தந்தார்கள். அலுவலகத்தில் இருபத்தைந்து வருடத்தில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

பர்லாங்கு என்னைத் தனியே கூப்பிட்டார். "தோ பாரு சார். மணிச் சத்தம் கேட்டா மேடத்துக்குப் பழைய நெனப்பு வந்துரும். நித்யாம்மா மேல குந்திகினு ஒரு போட்டோ. அதோட புள்ளைய எறக்கிட்டு, மேடத்த தூரமா கூட்டினு போயி காதுல பஞ்சு வெச்சிட்றேன். அப்பால துண்ட தூக்கிக் காட்டறேன். அப்ப அடி. முன்னாடி அடிச்சா பேஜாரா பூடும்."

நித்யா ஏறி உட்கார்ந்தாள். நான் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தாம்பாளத்தடிக்கு ஓடினேன். ஐந்து குதிரைகளும் கோட்டில் நின்றன. பர்லாங்கு போட்டோ எடுத்து, போனை அவளிடம் கொடுத்தார். கடற்கரைப் புழுக்கம். துண்டு மேலே போனது.

அவர் தூக்கியது நெற்றிக்கு. எனக்குப் பதற்றத்தில் துண்டு மட்டும்தான் தெரிந்தது. குதிரை மேல் என் மகள் இன்னும் உட்கார்ந்திருப்பது தெரியவில்லை.

டங்!

ஐந்து குதிரைகள் பாய்ந்தன. ஆறாவதாக, கடிவாளத்தைப் பர்லாங்கின் கையிலிருந்து உருவிக்கொண்டு, மேடம்.

அது ஓடியது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மேடம் ஓடினார். தொங்கிய உதடு இறுகியது. கழுத்து நீண்டது. வால் கிடையாக நின்றது. எலும்பும் தோலுமாக நாங்கள் மூன்று வருடம் பார்த்த உடம்பு அரை நிமிடத்தில் ஐந்து இளசுகளையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனது. வலப்பக்கம் கடல், அதற்கு மேல் ஏறிக்கொண்டிருந்த சூரியன், நடுவில் அந்த வெள்ளை ஹெல்மெட். குளம்படி காதில் கேட்கவில்லை. என் பாதத்தில் கேட்டது. பெற்றவனுக்கு அந்த நேரத்தில் பயம் மட்டும்தான் இருக்கவேண்டும். இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்று ஒரு நினைப்பு ஓடியதை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பிறகு பயம் வந்தது. "நித்யா!" என்று கத்திக்கொண்டு கரண்டியோடு ஓடினேன்.

"சார்! ஓடாத சார்!" பின்னாலிருந்து பர்லாங்கின் குரல். "ஆறு பர்லாங்குதான் சார்! மேடம் ஓடின ரேஸெல்லாம் ஆறு பர்லாங்கு! அதுக்கு மேல ஒரு அடி வெக்க மாட்டாங்க!"

"அது ரிடையர் ஆயிடுச்சேய்யா!"

"காலு ரிடையர் ஆவாது சார்!"

திரும்பிப் பார்த்தேன். மனிதர் நடந்து வந்துகொண்டிருந்தார். நடந்து! பால் பூத்துக்குப் போவதுபோல. அவரை அந்த இடத்திலேயே கரண்டியால் அடித்திருப்பேன். திரும்பிப் போக நேரமில்லை.

பந்தய எல்லையில், நாலாவது பர்லாங்கில், சிவப்புக் கொடி நட்டிருந்தது. மேடம் முதலாவதாகக் கொடியைத் தாண்டினார். நிற்கவில்லை. ஹெல்மெட் ஒரு மல்லிகை மொட்டாகி, ஓர் அரிசியாகி, சவுக்குத் தோப்பின் வளைவில் மறைந்துவிட்டது. அதன்பின் கடல் மட்டும் இருந்தது.

எப்படி ஓடினேன் என்று இப்போதும் தெரியவில்லை. இதை எழுதும்போதும் கெண்டைக்கால் இழுக்கிறது. ஒரு செருப்பைக் கொடிக்கு முன்னால் விட்டேன், மற்றதைக் கொடிக்குப் பின்னால். தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாதவர்களைக் கூப்பிட ஆரம்பித்தபோது தோப்பு வளைவைத் திரும்பினேன்.

மேடம் நின்றுகொண்டு மணலில் படர்ந்த அடம்பங்கொடியை முகர்ந்துகொண்டிருந்தார். உதடு பழையபடி தொங்கியது. பக்கத்தில் நித்யா. கழற்றிய ஹெல்மெட் கையில். முகமெல்லாம் மணல், பல்லெல்லாம் சிரிப்பு. எங்கும் ஒரு கீறல் இல்லை.

"அப்பா, பார்த்தீங்களா? தானாவே நின்னுச்சுப்பா! பிரேக் போட்ட மாதிரி!"

காலை நீட்டி மணலில் சாய்ந்துவிட்டேன். அவள்தான் என் கையிலிருந்து கரண்டியை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

வெகுநேரம் கழித்துப் பர்லாங்கு வந்துசேர்ந்தார். நடந்தேதான் வந்தார். திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன். ஒரு முனை நாராகக் கிழிந்திருந்தது. கடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

நித்யாவை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தார். மேடம் பழக்கப்படி முன்னங்காலை நீட்டிக் காத்திருந்தார். பர்லாங்கு அவரைத் தாண்டி வந்து, என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். என் பேண்ட்டை மடித்துவிட்டு, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்.

"சூடா கீது," என்றார். "ரெண்டு நாளைக்கு நீங்க ஓடக் கூடாது."